கொடிக்காலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள்

எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘கொஞ்சம்’. “கொஞ்சமாத்தான் பட்டுச்சுங்க” என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் நான் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கொஞ்சம் ஒரு பொட்டு அளவாகவும் இருக்கலாம், பிழிந்தால் சொட்டுகிற பாவாடையாகவும் இருக்கலாம். சொல்கிறவள் யாருக்குப் பயப்படுகிறாள் என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பல வருடங்கள் பரமத்தி வேலூரைச் சுற்றிய ஊர்களில்தான் வேலை. சமீபத்தில் பழைய துணை சுகாதார நிலையத்தின் பக்கம் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் செவிலியர் கைபேசியைப் பார்த்தபடியே ஒரு கர்ப்பிணியிடம், “ரத்தப்போக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்ற மாமியாரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இல்லீங்க” என்றாள். இவள் திரையில் ‘இல்லை’யைத் தொட்டாள். அவ்வளவுதான், அடுத்த கேள்வி. கெட்டிக்காரப் பெண்தான், என்னைவிட அதிகம் படித்தவள்தான். ஆனால் அந்த ‘இல்லை’க்கு முன்னால் ஒரு பார்வை போய்வந்ததே, அதை அவள் பார்க்கவில்லை. கர்ப்பிணியைத் திரும்பக் கூப்பிட்டுத் தனியாக விசாரித்தோம். நல்லவேளை, ஒன்றுமில்லை. “நீங்க எல்லாரையும் சந்தேகப்படுவீங்களாக்கா?” என்று அப்புறம் டீ குடிக்கும்போது அந்தச் செவிலியர் கேட்டாள். ஆமாம் என்றேன். அதை விளக்கமாகச் சொல்லலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் சேலம் டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். சாயம் போகாது என்று சத்தியம் செய்கிற ஒவ்வொரு துணியையும் ஓரத்தில் நனைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அத்தா வாங்குவார். அதனால் சந்தேகப்படுவதற்குப் பயிற்சி நிலையத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அங்கே கற்றுக்கொண்டது ஊசி போட, பிரசவம் பார்க்க, மேலதிகாரி திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க. மற்றதையெல்லாம் டாக்டர் மனோன்மணியிடம் கற்றேன்.

அவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் எங்களுக்குப் பயம். வாராந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியைப் பற்றியும் கேட்பார். “ரத்தப்போக்கு இல்லைங்க மேடம்” என்று சொன்னால் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். “இல்லைன்னு சொன்னது யாரு? அவளா, நீயா?” அவள்தான் மேடம் என்றால், “அப்ப பக்கத்துல யார் நின்னாங்க?” என்பார். மாமியார் நின்றார் என்று சொன்னால் அந்தப் பதில் செல்லாது. திரும்பப் போக வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. எவ்வளவு போனது என்று கேட்கவே கூடாது. என்ன துணி வைத்தாய், அது நனைந்ததா, மாற்றினாயா, யார் துவைத்தது, துவைத்த பிறகும் கறை நின்றதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நிறம் சிவப்பா பழுப்பா, கட்டி விழுந்ததா, வலி இருந்ததா, இருந்தால் எந்தப் பக்கம், எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறதா. முடிந்தால் அந்தத் துணியையே ஒரு பையில் போட்டு வாங்கிவர வேண்டும். எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், தானாக நின்றுவிட்டாலும் பார்க்க வேண்டும். இதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் மூன்று மாதத்தில் லேசாகப் பட்டு நின்று, பிறகு கொழுகொழுவென்று பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர். அதை நான் மறைக்கப்போவதில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று அழ வேண்டியதில்லை. ஆனால் எது தானாக நிற்கும், எது நிற்காது என்று வெளியில் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. எருமப்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், பிறகு துளித்துளியாகப் பட்டது. “தூரந்தானுங்க, நாள் தள்ளி வந்திருக்குது” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தோள்பட்டையிலும் வலி. தோளில் வலிப்பது தண்ணீர்க் குடம் தூக்கியதால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா மனோன்மணி அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. வெளியில் வந்தது துளி, உள்ளே நிறைந்திருந்தது வயிறு முழுக்க. கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. அன்று மதியமே அறுவைச் சிகிச்சை ஆகி அவள் பிழைத்தாள். அதிலிருந்து நான் துளியையும் நம்புவதில்லை.

இனி கவிதாவின் கதை.

பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த விவசாயக் குடும்பம் அது. கவிதாவுக்கு முதல் பிரசவம், எட்டாம் மாதம். கணவன் செந்தில் போர்வெல் வண்டியோடு வடக்கே போகிறவன், கட்டுச்சோறு விருந்துக்காக லீவு போட்டு வந்திருந்தான். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணின் அம்மா வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, மகளை அழைத்துப்போகிற சடங்கு அது. அதற்கு நாள் குறித்துச் சொந்தமெல்லாம் அழைத்தாகிவிட்டது. மாமியார் நல்லம்மாள் கணவரை இழந்தவர், கொடிக்காலைத் தானே நின்று பார்ப்பவர். என்னோடு மரியாதையாகப் பேசுவார், ஆனால் ஒரு வாய்த் தண்ணீர் தருவதற்குள் என்னைத் தலை முதல் கால் வரை அளந்துவிடுவார். எனக்கும் அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

கொடிக்கால் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோயில் மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூரமான, அதாவது மாதவிலக்கான, பெண்கள் வரப்போடு சரி, உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். வைத்தால் கொடி வாடிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அதில் ஒரு அபிப்பிராயமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்துவிட்டு வருவேன்.

அன்று காலை நான் போனபோது கவிதா வரப்பின் மேல் கோணிப்பை விரித்து உட்கார்ந்து, பறித்து வந்த வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரமும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு உள்ளே நின்று பறிக்கிறவள்.

“ஏங்கண்ணு, உள்ள போகலியா?” என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் அகத்தி மரங்களுக்கு நடுவிலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது. “வெயிலுங்க நர்சம்மா. வயித்துப்புள்ளக்காரி, வெயில்ல நிக்க வேண்டாம்னு நாந்தேன் சொன்னனுங்க.”

நானும் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஊரிலேயே வெயில் படாத இடம் கொடிக்காலின் உள்பக்கம்தான். அகத்தி மர நிழல், கொடி நிழல், காலடியில் வாய்க்கால் தண்ணீர். சித்திரையில்கூட உள்ளே சிலுசிலுவென்று இருக்கும். கவிதா உட்கார்ந்திருந்த வரப்பில்தான் வெயில் சுள்ளென்று அடித்தது. வெயிலுக்குப் பயந்தவளை வெயிலிலா உட்கார வைப்பார்கள்?

ஒரு பெண் கொடிக்காலுக்குள் போகாமல் இருக்க அந்த ஊரில் ஒரே காரணம்தான் உண்டு. அந்தக் காரணம் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு இருக்கக் கூடாது.

ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “ரத்தம் ஏதாச்சும் பட்டுச்சா சாமி?”

“இல்லீங்க நர்சம்மா.”

“வலி?”

“சுத்தமா இல்லீங்க.” இதை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் பதில் பொய், இரண்டாவது நிஜம் என்று எனக்குப் பட்டது. பட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. கடைசி மாதங்களில் வலியோடு வருகிற ரத்தமும் ஆபத்துதான், அவளே அலறியடித்து ஓடி வந்துவிடுவாள். வலியில்லாமல் வருகிறதே, அது வந்து நின்று, வந்து நின்று, ‘சூடுதான், இளநீர் குடித்தால் சரியாகிவிடும்’ என்று ஏமாற்றி, ஒருநாள் மடை திறந்த மாதிரி வரும். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போனில் நினைவூட்டும்போதெல்லாம் செந்தில், “அது தானா மேல ஏறிக்குமாமுங்க” என்பான். பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியைக் காற்றில் விடுவதில் அவனுக்கு நிகர் கிடையாது.

நான் எழுந்தேன். “செரி, உள்ள போய் எனக்கு ஒரு கை வெத்தலை பறிச்சுக் குடு கண்ணு. எங்கூட்டுல விருந்தாளி வந்திருக்கறாங்க.”

அவள் எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். வாசல் போல விட்டிருந்த இடம்வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். உள்ளே நல்லம்மாள் பறிப்பதை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார். கவிதா ஒரு காலை லேசாகத் தூக்கி, திரும்ப வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஓவென்று அழுதாள். என்னிடம் பொய் சொல்ல முடிந்தது, கொடியிடம் முடியவில்லை.

“மூணு தடவைங்க. இன்னிக்கு வெடியாலையும் பட்டுச்சுங்க. வலியே இல்லீங்களே நர்சம்மா, அதான் சொல்லலீங்க.”

வீடு கொடிக்காலை ஒட்டித்தான் இருந்தது. நடக்க விடாமல், செந்திலைக் கட்டில் கொண்டுவரச் சொல்லி, அவளைக் கட்டிலோடு தூக்கிப்போய் உள்ளே வைத்து, இடது பக்கமாகப் படுக்க வைத்தோம். நாடி வேகமாக இருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அதிகம் பேசவில்லை. “உள்ளே கை வச்சுப் பார்த்துடாதே. நம்ம சென்டருக்குக் கொண்டுவராதே. நேரா பெரிய ஆஸ்பத்திரிதான், ரத்தமும் தியேட்டரும் இருக்கற இடம். ரத்தம் குடுக்க ரெண்டு மூணு ஆம்பளைங்களைக் கூட ஏத்து. ஹைவேல நான் ஏறிக்கறேன்.” நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். செந்தில் தம்பிகளைக் கூப்பிட ஓடினான்.

அப்போதுதான் நல்லம்மாள் வந்து வாசற்படியில் குறுக்கே நின்றார்.

“இவ எங்கீமு வர மாட்டாளுங்க.”

உனக்கு இது தெரியும், தெரிந்துதான் வெயில் என்று சொன்னாய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. விருந்துக்குச் சொந்தமெல்லாம் வருகிறது, தீட்டென்று தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும், அதனால் மூடி மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். “கட்டுச்சோறு பெருசா, இவ உசுரு பெருசாங்க?”

நல்லம்மாள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “என்ற புள்ளைக்கும் இப்புடித்தான் வலியில்லாமப் போச்சுங்க. நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள்ள போனா. உள்ள கைய வச்சாங்க. குழாயத் தொறந்தாப்பல ஊத்துச்சு. தாயுமில்லீங்க, புள்ளையுமில்லீங்க. இவளயும் கூட்டிட்டுப் போயி கைய வச்சுக் கொல்லறதுக்கா?”

அவருக்கு ஒரு மகள் இருந்து இறந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எப்படி இறந்தாள் என்பதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

எங்களை நம்புங்கள், அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வந்தேன். ஆனால் அந்தம்மாள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லையே. “நீங்க சொல்றது நெசந்தானுங்க” என்றேன். “நஞ்சுக்கொடி வாசலை மூடிட்டு இருக்கறப்ப கைய வச்சா அப்புடித்தான் ஊத்தும். வைக்கக் கூடாது. அதான் எங்க டாக்டரம்மாளும் போன்ல மொதல்ல சொன்னது. ஆனா ஊட்லயே கெடந்தாலும் ஒருநாளைக்கு ஊத்துமுங்க. அன்னிக்கு இங்க ரத்தத்துக்கு எங்க போவீங்க?”

நல்லம்மாள் திரும்பிக் கட்டிலில் கிடந்த மருமகளைப் பார்த்தார். அவர் பயந்தது சரிதான் என்று அத்தனை வருடத்தில் எங்கள் ஆட்களில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வழியை விட்டார். “நானும் ஏறுவனுங்க. எறங்குன்னா எறங்க மாட்டன்” என்றார்.

பாதி வழியில், டாக்டரம்மா ஏறிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் ரத்தம் வரத் தொடங்கிவிட்டது. கவிதா “ஈரமா இருக்குதுங்க” என்றாள். வண்டியில் இருந்த ஊழியர் ஏற்கெனவே ஊசி ஏற்றி வைத்திருந்ததால் சலைனை வேகமாக விட்டார். டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போனில் ரத்த வகையைச் சொல்லி, தியேட்டரைத் தயாராக வைக்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த துவாக்களையெல்லாம் ஓதினேன். எதிரில் நல்லம்மாள் குலதெய்வத்தைப் பேர் சொல்லி அழைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கவிதாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

நல்லம்மாள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்தார். “உள்ள கைய வைக்க மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணுங்க.”

டாக்டரம்மா சத்தியம் பண்ணவில்லை. “என்னை நம்ப வேண்டாம்மா. கூடவே நில்லுங்க. யாராவது க்ளவுஸ் போட்டுட்டு கிட்ட வந்தா, ஸ்கேன் பார்த்தாச்சான்னு கேளுங்க. பார்த்தாச்சு, கொடி எங்கே இருக்குன்னு தெரிஞ்சுதுன்னு பதில் வந்தாத்தான் விடணும்.”

அந்த அம்மாள் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனையில் இறங்கியதிலிருந்து யார் நெருங்கினாலும், “ஸ்கேனு பாத்தாச்சுங்களா?” வாளியோடு வந்த துப்புரவுப் பணியாளர் கையுறை போட்டிருந்தார், அவரையும் விடவில்லை. பணியிலிருந்த இளம் டாக்டர் ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டே வந்து, “அதுக்குத்தாம்மா வர்றேன், பார்க்காம யாரும் தொட மாட்டோம்” என்றார். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுசாக மூடியிருந்தது. யாரும் உள்ளே கை வைக்கவில்லை. நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கதவுவரை நல்லம்மாள் தள்ளுவண்டியின் கம்பியை விடவேயில்லை.

செந்திலும் தம்பிகளும் ரத்தம் கொடுத்தார்கள். போதாமல் வங்கியிலிருந்தும் வாங்கி ஏற்றினார்கள். கவிதா பிழைத்தாள். பெண் குழந்தை, கையளவுதான் இருந்தது, அழுததே பூனை முனகுவது போலக் கேட்டது. அதை வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், “வெயில்னு சொன்னதை நீ நம்பியிருந்தா?” என்று மட்டும் கேட்டார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

நல்லம்மாளை இப்போதும் நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளை நினைத்துத்தான் மறைத்தார் என்பது நிஜம். ஆனால் விருந்து முடியட்டும் என்ற எண்ணம் மனதின் ஒரு மூலையில்கூட இருந்திருக்காதா? அதை அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்கிற ஆளும் இல்லை.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கவிதா பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை மாமியார் மடியில் கிடத்தியிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்து, கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. கையை நீட்டினேன்.

“கை கழுவுனீங்களாங்க?” என்றார் நல்லம்மாள்.

வாசலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தானே வருகிறேன் என்றேன்.

“நாம் பாக்கலீங்களே.”

கவிதாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “அத்தை, நர்சம்மாளப் போயி...” என்று இழுத்தாள்.

“நீ சும்மா இரு புள்ள.” பிறகு என்னைப் பார்த்து, “கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்களை நம்பாமப் போனதுனாலதான் இதுக ரெண்டும் உசுரோட இருக்குது. நா மட்டும் உங்களை நம்பிக்கோணுமாக்கும்?” என்றார்.

நான் சிரித்துக்கொண்டே எழுந்து போய், அவர் பார்க்கும்படி நின்று, முழங்கை வரை சோப்புப் போட்டுத் திரும்பவும் கழுவினேன். ஈரம் காயும்வரை காத்திருந்து, அப்புறம்தான் குழந்தையை என் கையில் கொடுத்தார்.